விடியற்காலையில் முனகும் வண்டி



கொழும்பு மாநகரின் வட பகுதியிலே ஜிந்துப்பிட்டி என்றொரு தெரு உண்டு. ஒருபுறம் முருகன் கோயில் மணியும், மறுபுறம் தோமையார் தேவாலய மணியும் கேட்கும் தெரு அது. யான் பிறந்து வளர்ந்த இடமும் அதுவே. ஆயினும், என் இளமைக் காலத்தில் எங்களைத் துயிலெழுப்பியவை அம்மணிகள் அல்ல. எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி நின்ற ஒரு மொறிஸ் மைனர் வாடகை வண்டியின் முனகலே எங்களை எழுப்பிற்று. முதலில் ஒரு நீண்ட இழுப்பு, பின்னர் ஒரு குறுகிய இழுப்பு, அதன்பின் ஓர் இருமல், சற்று மௌனம், மறுபடியும் இழுப்பு. ஐந்தாவது இழுப்பிலேனும் இயந்திரம் உறுமி எழுந்துவிட்டால், ‘இன்று மழை இல்லை’ என்று என் பாட்டியார் படுக்கையில் இருந்தபடியே சொல்வார். அவர் கணிப்பு பெரும்பாலும் பிழைத்ததில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சரித்திரம் படிப்பிக்கும் ஒருவன் மோட்டார் வண்டியின் முனகலைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகங்களில் நீராவி இயந்திரத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு; புகைவண்டிக்கு ஒன்று உண்டு. மோட்டார் வண்டிக்கு இரண்டு வரிகள்தாம். அந்த இரண்டு வரிகளிலும் அது ஓடிய கதையே இருக்கும். ஓட மறுத்த கதை இராது. எனக்கோ, ஓட மறுத்த வேளைகளே அதிகம் சொல்வதாகத் தோன்றுகிறது. ஒரு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதனைப் பற்றி ஒருவரும் சிந்திப்பதில்லை. அது நின்றுவிட்டால்தான் அதன் உள்ளுறுப்புக்களும், அவற்றைச் செய்தவர்களும், அவற்றை நமக்கு விற்றவர்களும், விற்க மறுத்தவர்களும் நம் கண்முன் வந்து நிற்கிறார்கள்.

முதலில் ஓர் அடிப்படையை விளங்கிக்கொள்வோம். குதிரையைத் தட்டினால் நடக்கும். நீராவி இயந்திரத்தின் அடைப்பைத் திறந்துவிட்டால் நீராவியே அதனைத் தள்ளும். பெற்றோல் இயந்திரமோ தானாகத் தொடங்க வல்லதன்று. அது காற்றையும் பெற்றோல் ஆவியையும் உள்ளே உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதை நெருக்க வேண்டும். நெருக்கியதில் ஒரு மின்பொறி விழவேண்டும். அப்பொழுதே வெடித்து வலிமை தரும். உறிஞ்சவும் நெருக்கவும் வேண்டிய வலிமையை முதற் சுற்றில் யார் கொடுப்பது? வேறொருவர் கொடுத்தாக வேண்டும். கடன் வாங்கிய ஒரு சுற்றில் தொடங்கி, பிறகு தன் உழைப்பால் ஓடும் இயந்திரம் இது. ஆகையால், கிளம்ப மறுக்கும் வண்டியில் கேட்கவேண்டிய வினாக்கள் அன்றும் இன்றும் நான்கே. சுற்றுகிறதா? பெற்றோல் வருகிறதா? பொறி விழுகிறதா? உறிஞ்சியதை நெருக்க வலுவுண்டா? நான்காவது வினா பழசாய்ப்போன இயந்திரங்களுக்கு உரியது; அதனை இங்கே விட்டுவிடுவோம்.

மோட்டார் வண்டியின் சரித்திரத்தில் இவ்வினாக்களைத் தெருவோரத்தில் நின்று முதன்முதலாகக் கேட்டவர் ஒரு பெண்மணி. யேர்மனி தேசத்திலே காள் பென்ஸ் என்பார் 1886இல் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். வண்டியை வாங்குவார் இல்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்கு அதனைச் செலுத்திச் சென்றார். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். அந்த வண்டியைக் கிளப்புவதற்குப் பின்புறத்தில் இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். வழியில் எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்து போயிற்று. காலுறையைப் பிடிக்கும் நாடாவை எடுத்து அதன்மீது சுற்றினார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லொக் என்னும் ஊரில் மருந்துக்கடை ஒன்றில் வாங்கி ஊற்றினார். வண்டியைக் கணவர் அமைத்தார். அது நின்றுபோனால் என்ன செய்வது என்னும் வித்தையை அமைத்தவர் மனைவியே என்று சொன்னால் மிகையாகாது.

பின்வந்த வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றும் வழக்கம் ஒழிந்து, முன்புறத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றும் வழக்கம் வந்தது. நம்மவர் அதனை ஹேண்டில் என்றே அழைத்தார்கள். அது பொல்லாத கருவி. மின்பொறி உரிய காலத்துக்கு முன் விழுந்துவிட்டால், மேலேறிக்கொண்டிருக்கும் இயந்திரத் தண்டு எதிர்த்திசையில் உதைக்கும். உதைத்தால் ஹேண்டில் பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டை முறிக்கும். இதனால்தான் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும் என்றும், கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கியே இழுக்க வேண்டும் என்றும் பழைய சாரதிகள் படிப்பித்தார்கள். எங்கள் தெருவில் பெருவிரலை மடக்கத் தெரியாத பையனை ஹேண்டிலின் அருகே விடமாட்டார்கள்.

அமெரிக்காவிலே வண்டிகள் செய்து விற்ற பைரன் காட்டர் என்பார், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் வண்டிக்கு உதவப் போய், ஹேண்டில் உதைத்துத் தாடையில் அடிபட்டு, அதன் விளைவாக 1908இல் இறந்தார் என்றும், அந்தத் துயரமே கடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்டை வேறு வழி தேடத் தூண்டிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையில் இடமும் பருவமும் சொல்வோருக்குச் சொல்வோர் மாறுகின்றன. சரித்திர ஆசிரியர் பலர் அதனை ஐயுறுகின்றனர். காட்டர் அந்த ஆண்டில் இறந்தது மெய். ஹேண்டில் எண்ணற்ற கைகளை முறித்ததும் மெய். இவ்விரண்டையும் இணைத்து ஒரு கதை பிறப்பது இயல்பே.

மாற்று வழி கண்டவர் சாள்ஸ் கெற்றறிங். அக்காலத்துப் பொறியியலாளர், ஓர் இயந்திரத்தைச் சுற்றக்கூடிய மின்மோட்டாரும் பற்றரியும் வண்டியளவு பெரிதாயிருக்கும் என்று கணக்கிட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டிருந்தனர். கெற்றறிங் முன்னர் கடைகளில் காசு பதியும் இயந்திரத்துக்குச் சிறு மின்மோட்டார் அமைத்தவர். காசுப் பெட்டியின் மோட்டார் நாள் முழுதும் ஓடவேண்டியதில்லை. ஒரு கணம் வலிந்து இழுத்தாற் போதும். வண்டிக்கும் அதுவே போதும் என்பதை அவர் கண்டார். சிறிய மோட்டாரின் மீது அதன் சக்திக்கு மீறிய பாரத்தைச் சில விநாடிகள் மட்டும் சுமத்தலாம். அது வெந்து போவதற்குள் இயந்திரம் கிளம்பிவிடும். இத்துணை எளிய உண்மை மற்றவர் கண்ணில் படவில்லை. 1911இல் செய்து காட்டினார். 1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகள் மின்சார ஸ்டார்ட்டருடன் விற்பனைக்கு வந்தன. ஏழைகளின் வண்டியாகிய ஃபோர்ட் டி மாதிரிக்கு அவ்வசதி 1919இல்தான் கிட்டிற்று. பெற்றோலில் ஈயத்தைக் கலக்கும் வழக்கம் பிறந்த ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கியவரும் இதே கெற்றறிங்தான். இலங்கை அந்த நஞ்சிலிருந்து 2002இல் விடுபட்டது. ஒரே மனிதர் நம் மணிக்கட்டைக் காத்தார். நம் பிள்ளைகளின் மூச்சில் ஈயத்தையும் கலந்தார்.

கெற்றறிங் தம் மோட்டாரைச் செய்துகாட்டிய அந்த 1911ஆம் ஆண்டின் இறுதியிலேதான், ஜிந்துப்பிட்டிக்கு அண்மையில் பஞ்சிகாவத்தையிலே டவர் ஹோல் நாடகசாலை திறக்கப்பட்டது. மோட்டார் வண்டி அதற்கு முன்பே இத்தீவுக்கு வந்துவிட்டது. மோட்டார் வண்டிச் சங்கம் 1904இலேயே இங்கு நிறுவப்பட்டிருந்தது. ஆயினும் அது தோட்டத்துரைமாரின் சங்கதி. வண்டி பழுதானால் கம்பனியின் பட்டறைக்கு அனுப்புவார்கள். பாகம் கெட்டால் கப்பலில் புதிது வரும். நோயை ஆராய வேண்டிய தேவை வண்டிக்காரருக்கு இருக்கவில்லை. அந்தத் தேவை பிறந்தது அரை நூற்றாண்டு கழித்து.

இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948இல், இங்கிலாந்தில் அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் வெளிவந்தது. கொரிய யுத்தத்தின்போது இறப்பரின் விலை ஏறிற்று. தேயிலைக்கும் நல்ல காலம். அரசாங்க உத்தியோகத்தரும் ஆசிரியரும்கூடக் கடன்பட்டேனும் ஒரு சிறு கார் வாங்கலாம் என்று எண்ணத் துணிந்தனர். ஆஸ்ரின், மொறிஸ், ஹில்மன் என்று கொழும்புத் தெருக்கள் நிறைந்தன. இந்த நல்ல காலம் நீடிக்கவில்லை. 1957 முதல் நாட்டின் வெளிநாட்டுச் செல்வம் கரையத் தொடங்கிற்று. 1961 அளவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. முதலில் தடைப்பட்ட பண்டங்களில் கார் ஒன்று. காருக்குத் தடை, சிறிது சிறிதாக அதன் பாகங்களுக்கும் பஞ்சம்.

அதன் விளைவை நினைத்துப் பாருங்கள். பத்தாண்டு ஓடித் தேய்வதற்கென்று செய்யப்பட்ட வண்டி முப்பதாண்டு ஓடவேண்டும். பொயின்ட் தேய்ந்தால் புதியது இல்லை. பொயின்ட் என்பது மின்னோட்டத்தைத் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் இரு சிறு உலோகப் பொட்டுக்கள். அதனைச் சாணைக்கல்லில் தேய்த்துச் சமப்படுத்தி மறுபடியும் பூட்டினார்கள். பற்றரி செத்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளைப் பிரித்தெடுத்து மாற்றிக் கட்டினார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே இருக்கும் கரித்துண்டு தேய்ந்தால், டோர்ச் பற்றரியின் நடுவிலுள்ள கரிக்கோலைச் சீவி அங்கே பொருத்தியதை யான் என் கண்ணால் கண்டேன். கையில் புதுப் பாகம் இருப்பவன் ஒவ்வொன்றாய் மாற்றிப் பார்ப்பான். ஏதோ ஒன்றில் வண்டி கிளம்பும். எதனால் நின்றது என்பதை அவன் அறியமாட்டான். ஒன்றையும் மாற்ற வசதியில்லாதவனுக்கோ காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றே வழி. அரசாங்கம் எதையோ நினைத்துக் கொண்டுவந்த கட்டுப்பாடு, எதிர்பாராத விதமாக ஒரு தலைமுறை மெக்கானிக்மாரைத் தர்க்க சாஸ்திரிகளாக ஆக்கிற்று. வறுமையைப் புகழ்வதாக எண்ணவேண்டாம். பாண் வரிசையில் நின்ற எவரும் அந்தக் காலத்தைப் புகழமாட்டார்கள். ஆனால் நடந்தது இது.

எங்கள் தெருவின் வாடகை வண்டிக்காரரை நாங்கள் எல்லோரும் ‘கார் மாமா’ என்றே அழைத்தோம். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவருடைய முறையை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். இதற்கு மேலான ஆராய்ச்சி முறையை நான் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை.

எதையும் தொடுவதற்கு முன் அவர் காது கொடுப்பார். மொறிஸ் மைனரில் சாவியைத் திருப்பியவுடன் பெற்றோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று சில தரம் அடித்து நின்றுவிட வேண்டும். நின்றால், காபரேட்டர் நிறைந்துவிட்டது என்று பொருள். அடிக்கவே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பின் உள்ளே பொயின்ட் ஒட்டிக்கொண்டது. அதனை விரல் மூட்டால் மெல்லத் தட்டுவார். அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. நண்பகல் வெயிலில் ஊர்ந்து வந்து நின்ற வண்டியானால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். அதற்கு ஈரத்துணிதான் மருந்து.

அடுத்து ஸ்டார்ட்டரை இழுப்பார். இயந்திரம் அசையவே இல்லையென்றால், முன்விளக்குகளைப் போட்டுவிட்டு மறுபடியும் இழுப்பார். விளக்கு மங்கி அணைந்தால் பற்றரியில் வலுவில்லை, அல்லது பற்றரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாய் உப்புப் பூத்திருக்கிறது. சுடுநீர் ஊற்றிக் கழுவி, இறுக்கிப் பூட்டினாற் போதும். பற்றரி செத்துவிட்டது என்று அழுத எத்தனையோ பேருக்கு ஒரு கேத்தில் சுடுநீரால் உயிர்கொடுத்திருக்கிறார். விளக்கு மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பற்றரிமேல் குற்றமில்லை. மின்சாரம் ஸ்டார்ட்டரைச் சேரவில்லை. விளக்கு மங்கி, இயந்திரமும் ‘டக்’ என்ற ஒலியோடு இறுகி நின்றால், ஸ்டார்ட்டரின் பல் சிக்கிக்கொண்டிருக்கவும் கூடும். வண்டியைக் கியரில் போட்டு முன்னும் பின்னும் உலுக்கிவிடுவார்.

இயந்திரம் நன்றாய்ச் சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை என்றால், சந்தேகம் இரண்டே: பெற்றோல், அல்லது பொறி. இரண்டையும் பிரித்தறிய அவர் செய்த சோதனை மிக அழகியது. சில தரம் சுற்றிவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றுவார். அதன் முனை நனைந்திருந்தால் பெற்றோல் வந்திருக்கிறது, எரியவில்லை, பொறியைத் தேடு. முனை உலர்ந்திருந்தால் பெற்றோலே வரவில்லை, குழாயைத் தேடு. ஒரே பார்வையில் பாதி வண்டி குற்றத்திலிருந்து விடுதலையாகிவிடும். மற்றப் பாதியைத்தான் இனி விசாரிக்க வேண்டும். பொறியின் பக்கமென்றால், கொயிலிலிருந்து பிளக் வரை கம்பி வழியே ஒவ்வொரு இடமாகப் பார்த்து வருவார். பொயின்ட்டின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்கவேண்டும். அதை அளக்கும் தகடு அவரிடம் இருந்தது. ஆனால் அதை எடுக்காமலே கண்ணால் சொல்வார்.

இனி, என் பாட்டியாரின் மழைக் கணிப்புக்கு வருகிறேன். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் படிந்தால், பொறிக்குரிய மின்சாரம் பிளக்கைச் சென்றடையாமல் அந்த ஈரத்தின் வழியே கசிந்து ஓடிவிடும். மழைக்காற்று வீசும் விடியலில் வண்டி முனகுவதற்கு அதுவே காரணம். பாட்டியார் டிஸ்ட்ரிபியூட்டரைக் கண்டதில்லை. ஆனால் முனகலுக்கும் மழைக்கும் உறவுண்டு என்பதை ஆண்டுக்கணக்காய்க் கேட்டு அறிந்திருந்தார்.

1970 நவம்பரில் ஓர் இரவு. மாலை தொட்டுக் கொட்டிய மழை நள்ளிரவுக்குப் பின்னும் ஓயவில்லை. இரண்டு மணியளவில் என் தாயாருக்கு வலி கண்டது. தந்தையார் கார் மாமாவின் கதவைத் தட்டினார். டி சொய்சா மகப்பேற்று மனைக்குப் போகவேண்டும். ஆமர் வீதியால் இறங்கி, பஞ்சிகாவத்தையையும் மருதானையையும் கடந்து போகும் வழி. தாயாரைக் குடைபிடித்து வண்டியில் ஏற்றினார்கள். மாமா ஸ்டார்ட்டரை இழுத்தார். வண்டி சுற்றிற்று, கிளம்பவில்லை. மறுபடியும் இழுத்தார். மூன்றாம் முறை இழுப்பின் வேகம் குறைந்தது. அவர் கையை எடுத்துவிட்டார்.

இதன் பின் நடந்ததை என் தந்தையார் எத்தனையோ முறை சொல்லக் கேட்டிருக்கிறேன். “இன்னும் ஒரு தரம் இழுத்துப் பார் தம்பி” என்று தந்தையார் கெஞ்சினார். “இழுக்க மாட்டேன் அண்ணே. இன்னும் இரண்டு தரம் இழுத்தால் பற்றரியும் போய்விடும். பிறகு நோயைக் கண்டுபிடித்தும் பலனில்லை” என்றார் மாமா. தாயார் உள்ளே வலியில் துடித்துக்கொண்டிருக்க, ஒருவர் இழுக்காமல் நின்றார். தந்தையார் அந்த நேரத்தில் அவரை அடித்திருப்பாராம். பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னது.

மேட்டில் ஏற்றி உருட்டினால் என்ன என்று அயலார் இருவர் வந்தார்கள். விவேகானந்த மேட்டுச் சரிவில் அப்படி எத்தனையோ நாள் அந்த வண்டி கிளம்பியதுண்டு. மாமா அதற்கும் இசையவில்லை. பொறி விழாத வண்டியை எத்தனை உயரத்திலிருந்து உருட்டினாலும் அது பள்ளத்தில்தான் போய் நிற்கும். அங்கிருந்து தாயாரை யார் தூக்குவது? சாவியைத் திருப்பினார், பம்ப் அடித்து நின்றது. ஒரு பிளக்கைக் கழற்றி டோர்ச் ஒளியில் பார்த்தார், நனைந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே முத்து முத்தாய் நீர்த்துளிகள். பாட்டியார் அடுப்படியில் சுடச்சுட உலர்த்திக் கொடுத்த பழஞ்சேலைத் துண்டால் மூடியையும் கம்பிகளையும் துடைத்தார். பிளக்குகள் நான்கையும் துடைத்துப் பூட்டினார். பிறகும் ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. ஹேண்டிலை எடுத்து வந்தார்.

ஏன் ஹேண்டில் என்பதைப் பல்லாண்டுகள் கழித்து அவரிடமே கேட்டறிந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது பற்றரியின் வலுவில் பெரும்பகுதியை அதுவே குடித்துவிடுகிறது. பொறிக்கென்று மிஞ்சுவது கொஞ்சம். கையால் சுற்றினால் பற்றரியில் எஞ்சியிருப்பது முழுவதும் பொறிக்கே போகும். தளர்ந்த பற்றரியும் ஈரக்காற்றும் சேர்ந்த இரவில் அந்த வேறுபாடே எல்லாம். அவர் பெருவிரலை மடக்கி, மேல்நோக்கி இரண்டு இழுப்பு இழுத்தார். வண்டி எழுந்தது. விசாரணைக்குச் சென்ற நேரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய கால் மணி. விடிவதற்குள் யான் பிறந்தேன். மகப்பேற்று மனையின் கட்டிலில், வண்டியின் பின் ஆசனத்தில் அல்ல.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. யப்பானிய வண்டிகள் கப்பல் கப்பலாக வந்தன. பஞ்சிகாவத்தை வீதியின் இருமருங்கும் கழற்றிய பாகங்கள் மலைபோற் குவிந்தன. உங்கள் வண்டியில் காலையில் களவுபோன கண்ணாடியை மாலையில் அங்கே நீங்களே விலைகொடுத்து வாங்கலாம் என்று நகரத்தார் வேடிக்கை பேசும் அளவுக்கு அங்கே கிடைக்காத பாகமில்லை. மாற்றிப் பார்க்கும் வழக்கம் வந்தது. காது கொடுக்கும் வழக்கம் குறைந்தது. இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சாள்ஸ் வெயார் என்பவர், அவற்றுக்கு வேண்டிய பாகங்களை இலங்கையிலே செய்வித்து அங்கே தருவித்தார். ஒரு காலத்தில் எங்களுக்கு வரமறுத்த பாகங்கள் எங்கள் நாட்டிலிருந்து அந்நாட்டுக்குக் கப்பலேறின.

கார் மாமாவின் வண்டி அந்தக் காலத்தைக் காணவில்லை. 1983 யூலையில், தெருவோரத்தில் நின்றவாறே அது எரிக்கப்பட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் பல நாள் கழித்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, இரும்புக் கூடு ஒன்று நின்றது. ரயர் எரிந்த மணம் மழையிலும் போகவில்லை. மாமா அதனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. 1961இன் சரித்திரத்தைப் படிப்பித்த எனக்கு அச்செய்தி புதிதாய் இருக்கவில்லை. 2022இல் பெற்றோலும் இல்லாது போயிற்று. யூலையில் பங்கீட்டுக் குறியீட்டு முறை வரும்வரை நாட்கணக்காய் வரிசையில் நின்றோம். என் சிறிய யப்பானிய கார் வாரக்கணக்கில் வீட்டு முற்றத்தில் உறங்கிற்று. நிற்கும் வண்டியிலும் கடிகாரமும் காவல் மணியும் மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாய்க் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதை யான் மறந்துவிட்டேன். பெற்றோல் கிடைத்த அன்று சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்ற ஒலி மட்டுமே.

கார் மாமா காலமாகிவிட்டார். அவருடைய மகன் தெருவின் கோடியிலே ஒரு சிறு கராஜ் வைத்திருக்கிறார். அவரை அழைத்தேன். இன்றைய வண்டிகளின் பொறி பழைய வண்டிகளினதைவிடப் பன்மடங்கு வலியது. கம்பியைக் கழற்றிப் பிடித்துப் பார்க்கும் பழைய சோதனையை ஒருவரும் செய்யக்கூடாது, உயிருக்கும் ஆபத்து, வண்டியின் கணினிக்கும் ஆபத்து என்று அவர் தம் பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் அவரிடம் உண்டு. ஆனால் அது எந்த உறுப்பு முறையிடுகிறது என்பதைச் சொல்லுமேயன்றி, ஏன் முறையிடுகிறது என்பதைச் சொல்லாது என்பார். அன்று அவர் ஸ்கேனரைக் கொண்டு வரவில்லை. முன்விளக்கைப் போடச் சொன்னார். சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு மங்கி அணைந்தது. பற்றரியின் மூடியை நீக்கிப் பார்த்துவிட்டு, “சேர், வீட்டில் சுடுதண்ணீர் இருக்கிறதா?” என்றார். முனைகளைக் கழுவி இறுக்கி, தம் வண்டியின் பற்றரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பினார். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் நன்றி சொல்ல அவருடைய கராஜுக்குப் போயிருந்தேன். மழைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி, வளைந்த பழைய இரும்புக் கம்பி ஒன்றை அதற்கு முட்டுக்கொடுத்திருந்தார். கைபிடிக்கும் இடம் தேய்ந்து மினுமினுத்தது. எரியாமல் தப்பியது எப்படி என்று கேட்டேன். அந்த வாரம் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் அப்பா அதை வண்டியிலிருந்து எடுத்து உள்ளே வைத்திருந்தார் என்றார்.